பொன்னுக்கு வரி, கல்லுக்குக் கட்டாயம்

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகத்தைச் சுற்றியுள்ள ஃபிளாட்டுகளில், வீட்டிலிருந்தபடியே நகை செய்கிற பெண்கள் இன்று நிறைய. நானும் ஒருத்தி. டெரகோட்டா ஜிமிக்கி, பாலிமர் க்ளே தோடு, நூலில் கோத்த மணி மாலை என்று ஆளுக்கொரு கைவேலை. வேலைக்குப் போகிற பெண்கள் இவற்றை ஆசைப்பட்டு வாங்கிப் போகிறார்கள். வீட்டில் பொன் இருந்தும் மண்ணையும் மணியையும் விரும்பி அணிகிறார்கள். இந்த விருப்பம் இந்த ஊருக்குப் புதிது. ஒரு பெண்ணின் கழுத்தில் என்ன கிடக்க வேண்டும் என்பதை அவள் பிறந்த சாதி தீர்மானித்த காலம் இங்கே வெகு தொலைவில் இல்லை. மணி கோக்கிறவள் என்ற முறையில் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நான் பிறந்தது நாகர்கோவில் வடசேரியில். பரதநாட்டிய மேடையில் மின்னும் சிவப்புக்கல் நகை எங்கள் ஊர்த் தொழில். ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. முதலில் அது சாமிக்குச் செய்தது. பிறகு சாமி முன்னால் ஆடிய தேவதாசிகளுக்கும் திருவிதாங்கூர் அரண்மனைக்கும் செய்தது. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதற்குப் பின், நாட்டியம் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு ‘செட்’ தேவைப்பட்டது. தலைசாமான், சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், வங்கி, ஒட்டியாணம், இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு செட்.

என் தாத்தா அந்த வேலைதான் செய்தார். திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் பட்டறை. வெள்ளித் தகட்டை வெட்டி, தட்டி, கல் உட்காரக் குழி குழியாக அறை எடுப்பார். குழிக்குள் அரக்கை இளக்கி நிரப்புவார். அரக்கு ஆறி இறுகுவதற்கு முன்னால் சாமணத்தால் கல்லை எடுத்து வைத்து, ஒரே அழுத்து. பிறகு கல்லின் ஓரத்தைச் சுற்றித் தங்க ரேக்கை நுனி மழுங்கிய ஊசியால் அமுக்கி அமுக்கி ஏற்றுவார். வெளியே தெரிவது பொன்னும் கல்லும் மட்டும். வெள்ளியும் அரக்கும் உள்ளே ஒளிந்துகொள்ளும். எடை போட அவரிடம் குன்றிமணி டப்பா ஒன்று கடைசி வரை இருந்தது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்ற கணக்கை நான் வாய்ப்பாட்டுக்கு முன்னால் படித்தேன்.

அந்தச் சிவப்புக் கல்லைக் கெம்பு என்போம். அசல் மாணிக்கம் சாமிக்கும் அரசருக்கும் போயிற்று. மற்றவர்களுக்கு வந்ததில் பெரும்பகுதி செயற்கைக் கல், கண்ணாடி. மலையாள வீடுகளில் பாட்டி காலத்துப் பொக்கிஷமாக வைத்திருக்கும் பாலக்கா மாலையின் பச்சையும் பல வீடுகளில் கண்ணாடிதான். யாரும் அதைக் குறைவாக நினைத்ததில்லை. கண்ணாடி பொன்னில் ஏறினால் குலப்பெருமை. அதே கண்ணாடி வெறும் நூலில் ஏறியபோது என்ன ஆயிற்று என்பதுதான் இந்த ஊரின் சரித்திரம்.

திருவிதாங்கூரில் பொன் அணிவதற்குப் பணம் மட்டும் போதாது, அரசின் அனுமதியும் வேண்டும். மேனிப்பொன்னு என்று ஒரு வரி இருந்தது. அடியறப் பணம் என்ற கட்டணத்தைக் கட்டினால்தான் பொன்னகையும் வெள்ளி நகையும் போட்டுக்கொள்ளலாம். நாயர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு உண்டு. 1818-ல் ராணி கௌரி பார்வதி பாய் அடியறப் பணம் இல்லாமலே நகை அணியலாம் என்று உத்தரவிட்டார். உத்தரவு காகிதத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். ஊர் வழக்கம் அப்படி இல்லை. என் சொந்த ஜில்லாவில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதற்கு 1820-களிலிருந்து 1859 வரை அடிபட்டார்கள். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். துணிக்கே இந்தப் பாடு என்றால் நகைக்குக் கேட்க வேண்டாம்.

பொன்னும் வெள்ளியும் தடுக்கப்பட்டவர்களில் கடைசிப் படியில் இருந்தவர்கள் புலையர்கள். 1855 வரை அவர்கள் சட்டப்படி அடிமைகள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். அவர்களுடைய பெண்கள் கழுத்தில் அணிய அனுமதிக்கப்பட்டது கல்லுமாலை. கல்லும் கண்ணாடி மணியும் கோத்த சரங்கள், ஒன்றல்ல, அடுக்கடுக்காக, மார்பை மறைக்கும் அளவுக்கு. மேல்துணி கிடையாது, அந்த மணிக் குவியல்தான் மறைப்பு. கையிலும் காதிலும் இரும்பு, பித்தளை. திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் இருந்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-லும் 1883-லும் திருவிதாங்கூரைப் பற்றி இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதினார். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளைப் பட்டியல் போட்டார். இப்படிப்பட்ட நூல்களில் இந்தப் பெண்களின் நகை ஒரு வேடிக்கைப் பொருளாகவே வருகிறது. அணிந்தவளுக்கு அது விலங்கு. தூரத்தில் வரும்போதே யார் வருகிறாள் என்று தெரிந்து விலகிக்கொள்ள அது ஒரு அடையாளம்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அம்மூம்மா இருக்கிறார். கீரையும் மரச்சீனியும் அவரிடம்தான் வாங்குவேன். ஒரு ஓணத்துக்கு, நானே செய்த பச்சை மணி மாலை ஒன்றை அவருக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்தார், மணிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார், திருப்பித் தந்தார். “கல்லும் மாலையும் எனிக்கு வேண்டா, மோளே” என்றார். கோபமே இல்லை. தன் அம்மை சொல்லி வளர்த்தது, மணி மாலை மட்டும் கழுத்தில் ஏறக் கூடாது என்று. அவர் கழுத்தில் நூல் போல ஒரு பொன் சங்கிலி கிடந்தது. கூலிவேலை பார்த்துச் சேர்த்து வாங்கியது, தலைக்குக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அவர் எனக்குப் பெரிநாட்டின் பெயரைச் சொன்னார்.

கழக்கூட்டத்தில் நின்று பார்த்தால் இந்தக் கதையின் இரண்டு முனைகளும் ஒரே சாலையில் இருப்பது தெரியும். இங்கிருந்து தெற்கே போகும் பைபாஸ் கோவளத்தைத் தொட்டுப் போகிறது. அதற்கு அருகில்தான் வெங்ஙானூர், புலையர்களின் தலைவர் அய்யன்காளி 1863-ல் பிறந்த ஊர். வடக்கே போனால் கொல்லம், அதன் அருகே பெரிநாடு. 1893-ல், தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிக்கொண்டு போனார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது, வயலில் யாரும் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக உட்கார்ந்து நிலமும் பள்ளியும் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் எடுத்த விஷயங்களைப் பார்த்தால் சாலை, பள்ளி, நிலம் என்று போய், அடுத்ததாகப் பெண்களின் கழுத்துக்கு வருகிறது. இதைச் சின்ன விஷயமாக அவர் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது.

சங்கத்தின் கூட்டங்களில் ஒரு செய்தி பரவியது: கல்லுமாலையை எறியுங்கள், ரவிக்கை போடுங்கள். சில பெண்கள் எறிந்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. மாலையை எறிந்தவளை மறுபடி அணியச் சொல்லி அடித்தார்கள். 1915 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை, பெரிநாட்டுச் செறுமூட்டில் கோபாலதாசன் தலைமையில் புலையர்கள் கூடினார்கள். கூட்டத்துக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்தார்கள். திருப்பி அடி விழுந்தது. அதன்பின் பல நாள் கலவரம், குடிசைகள் எரிந்தன, ஜனங்கள் இருப்பதை விட்டுவிட்டுக் கொல்லத்துக்கு ஓடினார்கள். நூல் சரத்தில் கோத்த மணிக்காக இவ்வளவு என்று தோன்றும். மாலையை எறிந்தால் பெண் எல்லாரையும் போல ஆகிவிடுவாள், ஆண்டை யார் அடிமை யார் என்பது பார்வையில் தெரியாமல் போய்விடும். அடித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அய்யன்காளி கொல்லம் போனார். திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே அன்று ரயில் இல்லை.  போய், மேல்சாதிக்காரர்கள் உட்பட எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க அதிகாரிகளிடம் பேசினார். டிசம்பரில், கொல்லம் பீரங்கி மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் கூட்டம் நடந்தது. சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை. நாயர் தலைவர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் முக்கியம். அய்யன்காளி பேசி முடித்து, இந்தப் பெண்கள் கல்லுமாலையை எறிவதற்கு இங்கிருப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்று கேட்டார். சம்மதம் வந்தது. இரண்டு பெண்கள் மேடைக்கு வந்து, கதிர் அறுக்கிற அரிவாளால் கழுத்து மாலையை அறுத்தார்கள். அதன்பின் கூட்டத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அறுத்து மேடையில் போட, மாலைகள் குவியலாயின.

மணி கோக்கிறவளுக்கு இதைப் படிக்கும்போது வேறொன்றும் தெரியும். கோத்த மாலை அறுந்தால் மணி நிற்காது, நாலு பக்கமும் ஓடும். மணி ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டுக் கோத்தால்தான் அப்படியே நிற்கும். அன்று கூடாரத் தரை முழுக்க மணி உருண்டிருக்கும், காலில் மிதிபட்டிருக்கும். அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ முறை மனதில் கேட்டிருக்கிறேன்.

கலவர வழக்கில் புலையர்களுக்காக வாதாடியவர் இலஞ்ஞிக்கல் ஜான். கட்டணம் கொடுக்கக் கையில் காசு இல்லாதவர்கள், அதற்குப் பதிலாகக் கொல்லத்தில் அவருக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுத்தார்கள் என்பார்கள். கம்மான்குளம் என்று அதற்குப் பெயர். குளம் என்றதும் எனக்குக் கழக்கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. திருவிதாங்கூர் அரசரை எதிர்த்த நாயர் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அரசர் மார்த்தாண்ட வர்மா அந்த எட்டு வீடுகளையும் இடித்துக் குளம் தோண்டினார் என்பது வழிவழிச் செய்தி. இந்த நாட்டில் குளம் அரசனின் தண்டனையாகவும் இருந்திருக்கிறது, ஏழைகளின் வக்கீல் கட்டணமாகவும் இருந்திருக்கிறது.

மணி எப்போதுமே இழிவாக இருந்ததா என்றால் இல்லை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில், 1980-களிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் க. ராஜனும் நடத்திய அகழாய்வில், கல்மணி செய்த பட்டறைகளே கிடைத்தன. நீலக்கல், பச்சைக்கல், படிகம், செம்மணிக்கல், பாதி தேய்த்தவை, துளை போடும்போது உடைந்தவை எல்லாம் உண்டு. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் அதுதான் என்பார்கள். சேரர்களின் முசிறியாகக் கருதப்படும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில், 2007 முதல் பி.ஜே. செறியான் தலைமையில் தோண்டியபோதும் கண்ணாடி மணியும் கல்மணியும் ஆயிரக்கணக்கில் வந்தன. புதுச்சேரி அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் இன்னும் பெரிய கதை. நாலைந்து மில்லிமீட்டர் கூட வராத பொடிமணி. அந்த வகை மணி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைக்கிறது. அதைத் தேடி உலகம் சுற்றிய பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் ரோமாபுரியும் இங்கே மணி தேடி வந்தது.

அந்தப் பொடிமணி செய்த முறை எனக்கு மிக நெருக்கமானது. உருகிய கண்ணாடியைக் குழாய்க் கம்பியில் உருண்டையாக எடுத்து, நடுவில் ஓட்டை இருக்கும்படியே இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கண்ணாடி மெலிந்து நீளக் குழலாகும், ஓட்டையும் கூடவே மெலியும். குழலைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடு காட்டினால் வெட்டுமுனை மழுங்கி மணியாகும். திருப்பதிக்கு அந்தப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை நிலைத்தது. வெனிஸிலிருந்தும் பொகிமியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக மணி வந்து இறங்கியபோது நம் ஊர் உலைகள் பெரும்பாலும் அணைந்தன. மணி மலிவானது. மலிவான மணி, பொன் மறுக்கப்பட்டவர்களின் கழுத்தில் குவிந்தது.

பாலிமர் க்ளேயில் நான் பூமணி செய்வதும் அதே இழுப்புதான். மஞ்சள் உருளை ஒன்றைச் சுற்றி ஐந்து சிவப்பு உருளை, இடைவெளியில் வெள்ளை ஆப்புகள், வெளியே ஒரு பச்சைத் தகடு என்று கனமான ஒரு கட்டு கட்டுவேன். கட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அதன் நடுப்பகுதியிலிருந்து தொடங்கி அமுக்க வேண்டும். முனையிலிருந்து தொடங்கினால் உள்ளே பூ கோணிக்கொள்ளும். அமுக்கி, உருட்டி, இழுத்து, மூன்று விரல் தடிமனாக இருந்த கட்டு பென்சில் அளவுக்கு வந்தபின் குறுக்கே நறுக்கினால், ஒவ்வொரு துண்டிலும் அதே ஐந்து இதழ் பூ, சின்ன அளவில். அரிக்கமேட்டுக்காரர் ஓட்டையை இழுத்தார், நான் பூவை இழுக்கிறேன். அவருடைய உலையின் சூட்டில் என் மண் கரியாகிவிடும். இது நூற்றுப்பத்து முதல் நூற்றுமுப்பது டிகிரிக்குள், அரை மணி நேரத்தில் இறுகுவது. சூடு கூடினால் கருகி நச்சுப் புகை வரும், ஏனென்றால் பெயரில்தான் இது மண், உண்மையில் பி.வி.சி. அதனால் சமையல் ஓவனில் வைக்க மாட்டேன். இதற்கென்று தனியாக ஒரு சின்ன ஓவன் பால்கனி ஓரத்தில் இருக்கிறது. தெர்மாமீட்டரும் தனி.

இந்தக் களிமண்ணுக்கும் ஒரு வீட்டுச் சரித்திரம் உண்டு. ஜெர்மனியின் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸேயிடம், பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று 1939-ல் ஒரு பிளாஸ்டிக் பிசின் வந்தது. அவருக்குச் சரிப்படவில்லை. மகள் சோஃபியை வீட்டில் ஃபிஃபி என்பார்கள். அவள் அதை எடுத்துப் பிசைந்து பார்த்து, நிறம் சேர்த்து, பிற்பாடு ‘ஃபிஃபி மொசைக்’ என்று விற்றாள். 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கியதும் அது ஃபிமோ ஆயிற்று. அமெரிக்காவில் ஸ்கல்ப்பி தனியாக வளர்ந்தது. இரண்டும் இன்று திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்தில் கிடைக்கின்றன. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்துக் கடைத்தெரு, பாதி வியாபாரிகள் நம் தமிழ் ஆட்கள், “அக்கா, புது கலர் வந்திருக்கு” என்று என்னைத் தூரத்திலேயே கூப்பிடுகிறார்கள். கொக்கி, ஜம்ப் ரிங், மெழுகு நூல் எல்லாம் அங்கேதான்.

வைத்தியன்குன்னில் 1990-ல் டெக்னோபார்க் வந்தபின்தான் கழக்கூட்டத்தில் இப்படி ஒரு சந்தை உண்டாயிற்று. மாலையில் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் தோடு வாங்குகிறார்கள், சனிக்கிழமை கற்றுக்கொள்ளவும் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு ஆசை, மார்பு நிறைய ஆறேழு சரம் மணி. இணையத்தில் அதை ‘ட்ரைபல்’ என்று விற்கிறார்கள், அந்தப் பெயரோடுதான் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் செய்து தருகிறேன், அழகான வேலைதான். அட்டையில் அந்தப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். மணி எதனால் செய்தது, எத்தனை சரம், தண்ணீர் பட்டால் என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான் எழுதுவேன்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பெரிநாட்டைச் சொல்கிறேன். கொல்லத்துப் பெண் ஒருத்தி, பள்ளிப் பாடத்தில் அந்தப் போராட்டம் ‘கல்லுமாலை சமரம்’ என்ற பெயரில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தது ஞாபகம் இருக்கிறது, மாலை எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை என்றாள். அன்று வகுப்பில் களிமண்ணைத் தொடவில்லை. மேஜையில் கிடந்த கண்ணாடி மணிகளையெல்லாம் அடுக்கடுக்காகக் கோத்து, எல்லாரும் மாறி மாறிக் கழுத்தில் போட்டுப் பார்த்தோம். பிடரி வலிக்கிறது என்று சொல்லிச் சீக்கிரமே கழற்றினார்கள். அந்தப் பாரத்தோடு ஒரு பெண் காலை முதல் இருட்டும் வரை சேற்றில் குனிந்து நாற்று நட்டாள் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவளே அதைப் பற்றி இன்னும் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்கும் சொன்னாள். அதன்பின் முடிச்சுப் போட்டு மணி கோப்பது எப்படி என்பதில் பாடத்தைத் தொடர்ந்தோம்.